சக்திமானும் நம் வீட்டுச் சிறுவரும்

மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட செயல்களைப் புரியும் வீரனைப் பற்றிய கதை எந்நாட்டிலும் எக்காலத்திலும் வழங்கி வருவதாகும். கடலைத் தாவிக் கடந்த அனுமனையும், தனியொருவனாய்ப் பகாசுரனை வதைத்த வீமனையும், வேதாளத்தைத் தோளிற் சுமந்த விக்கிரமாதித்தனையும் அறியாத குழந்தை நம் நாட்டில் அரிது. பாட்டியின் வாய்மொழியிலும், கூத்து மேடையிலும், பின்னர்ச் சித்திரக் கதைப் புத்தகங்களிலும் வாழ்ந்த இவ்வீரர் குலம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் குடிபுகுந்தது. இவ்வகை வீரனைச் 'சூப்பர் ஹீரோ' என்று இக்காலத்தார் வழங்குவர். நாம் இங்கே அதிமனித வீரன் என்று குறிப்போம்.

பெட்டிக்குள் பறக்கும் வீரனைக் கண்ட குழந்தை, தானும் பறக்கத் துணியுமாயின் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யாவர்? தொடரை ஆக்கியவரா, ஒளிபரப்பியவரா, பெற்றோரா? இக்கேள்வி நம் நாட்டில் 1990களின் இறுதியிலே மிக உரக்க எழுந்தது. அதனை எழுப்பிய தொடரின் பெயர் 'சக்திமான்'. அத்தொடரையும், அதனைக் கண்டோர் அதற்கு ஆற்றிய எதிர்வினையையும், வேற்று மொழி வழங்கும் ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அதிலிருந்து உணரத்தக்க ஒரு செய்தியையும் இப்பேச்சில் ஆராய்வோம்.

சக்திமான் 1997ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் தொடங்கியது. அதனைத் தயாரித்தவரும் அதில் தலைமை வேடம் தாங்கியவரும் முகேஷ் கன்னா. இயக்கியவர் தினகர் ஜானி. கதை எளிது. பழங்கால முனிவர் குழு ஒன்று, தீமையை எதிர்க்கத் தகுந்த ஒருவனைத் தேர்ந்து, யோகப் பயிற்சியால் அவனுக்குள் உறங்கும் ஆற்றல்களை எழுப்புகிறது. ஐம்பூதங்களின் வலிமையும் அவனை வந்தடைகிறது. அவன் செவ்வாடையும் நெஞ்சிலே பொன்னிறச் சின்னமும் தரித்துச் சக்திமான் ஆகிறான். மற்றை வேளைகளில் அவன் கங்காதரன் என்னும் பெயருடன், பெரிய மூக்குக் கண்ணாடியும் எடுப்பான பற்களுமாக, ஒரு நாளிதழில் புகைப்படம் எடுக்கும் அப்பாவிப் பணியாளன். கீதா விஸ்வாஸ் என்னும் செய்தியாளர் அந்நாளிதழில் அவனுடன் பணிபுரிகிறாள். இருளே என்றும் நிலைக்க வேண்டுமென விழையும் கில்விஷ் என்பவன் பகைவன்.

அமெரிக்க நாட்டுச் சூப்பர்மேன் கதையின் சாயல் இதில் உண்டென்பது வெளிப்படை. அவனும் நாளிதழ் அலுவலகத்தில் பணிபுரியும் கண்ணாடிக்காரனே. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சூப்பர்மேன் வேறொரு கோளிலிருந்து வந்தவன். அவன் வலிமை பிறப்பால் வாய்த்தது. சக்திமானின் வலிமையோ தவத்தாலும் பயிற்சியாலும் எய்தியது. மூலாதாரம் முதலிய ஆறு ஆதாரங்களையும், அவற்றின் மேலமைந்த சகஸ்ராரத்தையும் பற்றிப் பேசும் யோக மரபு நம் பெரியோர்க்குப் புதிதன்று. ஆதலின், பிள்ளைகள் பார்க்கும் தொடரைப் பெரியோரும் முகஞ்சுளியாது பார்த்தனர். இதுவே அதன் வெற்றிக்கு ஒரு காரணம்.

மற்றொரு காரணம் அதற்குப் பத்தாண்டுகட்கு முன்பே விதைக்கப்பட்டிருந்தது. 1987ஆம் ஆண்டு சனவரியில் இராமானந்த் சாகரின் 'இராமாயண்' தூர்தர்ஷனில் தொடங்கிய காலை, ஞாயிறு காலைகளில் தெருக்கள் வெறிச்சோடின. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டிக் கற்பூரங் காட்டியவர் பலர். அதனைத் தொடர்ந்து 1988இல் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' வந்தது. அதில் பீஷ்மராக நடித்து நாடெங்கும் அறியப்பெற்றவர் யாரெனின், பின்னாளில் சக்திமானாக வந்த அதே முகேஷ் கன்னாதான். பெட்டிக்குள் தோன்றுவோரைக் கைகூப்பித் தொழுத இல்லங்களில், பீஷ்மரின் முகமும் குரலும் கொண்ட ஒருவர் செவ்வாடை தரித்து வானிற் பறந்தார். பெரியோர் தொழுததைக் கண்டு வளர்ந்த குழந்தை அவரை நம்பியதில் வியப்புக்கு இடமுண்டோ?

நம்பினர், மனமார நம்பினர். சக்திமான் பறக்கப் புகுமுன் நின்ற இடத்திலேயே பம்பரம்போற் சுழல்வான். ஒரு கையை உயர்த்திக்கொண்டு அவ்வாறே தலைசுற்றும்வரை சுழலாத சிறுவர் அக்காலத்தில் அரியர். சக்திமான் உடை கடைகளில் விற்பனையாயிற்று. பார்லே-ஜி பிஸ்கட் நிறுவனம் அத்தொடருக்கு ஆதரவளித்தது. பின்னர் ஞாயிறு நண்பகலுக்கு ஒளிபரப்பு மாறியபொழுது, அந்நேரத்தில் மின்சாரம் நின்றால் வீட்டில் அழுகுரல் எழும்பும் நிலை உண்டாயிற்று.

இம்மகிழ்ச்சிக்கு நடுவே கவலை தரும் செய்திகள் நாளிதழ்களில் வெளிவரத் தொடங்கின. சக்திமான் வந்து காப்பான் என நம்பி மாடியிலிருந்து குதித்தனர் என்றும், தம் உடலில் தீயிட்டுக்கொண்டனர் என்றும் சில சிறுவரைப் பற்றிய செய்திகள் அச்சேறின. தொடரை நிறுத்துக என்ற குரல் எழுந்தது. தொடரின் மீது சுமத்தப்பட்ட பழியை முகேஷ் கன்னா ஏற்கவில்லை. எனினும் அவர் வாளாவிருக்கவும் இல்லை. தொடரின் வாயிலாகவே சிறுவரிடம் பேசலானார்.

இத்தகைய செய்திகளை எவ்வளவு தூரம் நம்புவது என்பதில் நிதானம் வேண்டும். வானொலி வரலாற்றிலே இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1938ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள், அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் என்பவர், செவ்வாய்க் கோளத்தார் பூமியின்மீது படையெடுத்து வந்ததாக ஒரு நாடகத்தைச் செய்தி அறிக்கையின் பாணியில் ஒலிபரப்பினார். நாடே அஞ்சி நடுங்கித் தெருவுக்கு ஓடிற்றென மறுநாள் நாளிதழ்கள் எழுதின. நெடுங்காலம் அது மெய்யென்றே கருதப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளரோ, அஞ்சியோர் சிலர் இருந்தது உண்மையாயினும், நாடே கலங்கியதாக எழுதியது மிகைக்கூற்று எனக் காட்டினர். விளம்பர வருவாயில் வானொலி தமக்குப் போட்டியாக வளர்வதைக் கண்ட நாளிதழ்கட்கு அம்மிகை இனித்திருக்கக் கூடும் என்றும் அவர்கள் கூறினர்.

ஆதலால், ஒரு குழந்தைக்கு நேர்ந்த துன்பத்திற்குத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றே காரணம் என்று தீர்ப்பளிப்பது எளிதன்று. வீட்டின் சூழல், கவனிப்பாரின்மை, விளையாட்டில் நேரும் விபத்து எனப் பல இழைகள் அதிற் பின்னியிருக்கும். ஆயினும், 'மிகைக்கூற்று' என்னும் ஒரு சொல்லால் இதனைத் தள்ளிவிடவும் இயலாது. காண்பதைக் குழந்தை செய்து பார்க்கும் என்பதற்குச் சான்று உண்டு.

1961ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலறிஞரும் அவருடைய துணைவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினர். அதிற் பங்குகொண்டவர் மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட 72 குழந்தைகள். காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்தும் உதைத்தும் திட்டியும் நடந்துகொள்வதைக் குழந்தைகளில் ஒரு பிரிவினர் பார்த்தனர். பின்னர் அதே பொம்மை இருந்த அறையில் விட்டபொழுது, அவர்கள் அவ்வாறே அடித்தனர். பெரியவர் உதிர்த்த சொற்களையே உதிர்த்தனர். 1963இல் நேரிற் காட்டுவதற்குப் பதிலாகத் திரைப்படமாகக் காட்டியும் சோதித்தனர். விளைவு ஏறத்தாழ ஒன்றே. கண்முன் நிற்கும் மனிதனும் திரையில் தோன்றும் மனிதனும் குழந்தைக்கு ஒப்ப ஆசிரியராயினர்.

அப்படியாயின் அனுமன் கதை கேட்ட குழந்தைகள் ஏன் கடலிற் பாயவில்லை என்று ஒருவர் வினவலாம். வினா நன்றே. அதற்கு விடை, கதை வந்தடைந்த வழியில் இருக்கிறது. பாட்டி சொல்லும் கதை, முன்னொரு காலத்தில் என்று தொடங்குகிறது; ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் நிகழ்கிறது. அது வேறு காலம், வேறு உலகம் என்னும் வேலி முதற்சொல்லிலேயே கட்டப்பட்டுவிடுகிறது. மேலும், கேட்கும் குழந்தை பாட்டியின் மடியில் இருக்கிறது. 'நானும் தாவட்டுமா?' என்று கேட்டால், 'நீ தாவினால் முழங்காலன்றோ பெயரும்!' என்னும் விடை அக்கணமே கிடைக்கிறது. சக்திமான் பறந்ததோ நம் தெருவைப் போன்ற தெருவில். அவன் காத்தது நம் வீட்டுப் பிள்ளை அணியும் அதே பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளையை. அப்பிள்ளை தவறி விழுந்தது நம் வீட்டு மொட்டை மாடியைப் போன்ற மாடியிலிருந்து. கதையின் வேலி அங்கே இல்லை. கேள்வி கேட்டால் பெட்டி விடை சொல்வதும் இல்லை.

தொடரை ஆக்கியவர் இக்குறையை உணர்ந்தே செயற்பட்டனர் என்று கொள்ளலாம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், சிறியனவாயினும் பெரும்பொருள் உடையவை என்னும் கருத்தமைந்த தலைப்பில், சக்திமான் தோன்றிச் சிறுவர்க்கு நல்லுரை வழங்கினான். பொய் கூறாமை, தூய்மை பேணுதல், பெரியோரை மதித்தல், சாலை விதிகளைக் கடைப்பிடித்தல் ஆகியன அவ்வுரைகளின் பொருள்கள். தவறு செய்த சிறுவன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு சக்திமானிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமாயிற்று. தன்னைப்போற் செய்து பார்க்கலாகாது, அவை நடிப்பும் படப்பிடிப்பு உத்தியுமே என்ற எச்சரிக்கையையும் அவன் தன் வாயாலேயே கூறினான்.

இது புதிய முறையன்று. 1952 முதல் 1958 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் சூப்பர்மேனாக நடித்த ஜார்ஜ் ரீவ்ஸுக்கும் இதே கவலை இருந்தது. தன்னைப்போற் பறக்க வேறு எவராலும் இயலாதென்று அத்தொடரின் ஒரு கதைக்குள்ளேயே சூப்பர்மேன் ஒரு சிறுவனுக்கு எடுத்துரைப்பதாக அமைத்தனர். நாற்பது ஆண்டுகட்குப் பின் இந்தியாவில் நிகழ்ந்ததும் அதுவே. நம்பிக்கையை ஊட்டியவனே அதற்கு எல்லையும் வகுத்தான். அவன் சொன்னால்தானே குழந்தை கேட்கும்?

இனி, வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கே சிறப்பாக உரிய செய்திக்கு வருவோம். அதற்கு மைசூரு நகரின் அக்ரஹாரப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மைசூரின் பழைய பகுதிகளுள் ஒன்று அக்ரஹாரம். அங்குள்ள சாலை ஒன்று இராமானுசர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அப்பெரியார் தமிழகத்தினின்றும் மேல்கோட்டைக்குச் சென்று தங்கிய வரலாற்றை நினைத்தால், மைசூர்ச் சீமையில் தமிழ் பேசுவோர் எத்துணைப் பழமையானவர் என்பது விளங்கும். பின்னாளில் அலுவல் நாடியும் தொழில் நாடியும் குடியேறியோர் மிகப் பலர். இத்தகைய குடும்பத்தில் 1998ஆம் ஆண்டில் ஆறு வயதான குழந்தை ஒன்றின் நிலையை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், பள்ளிக்கூடத்தில் கன்னடமோ ஆங்கிலமோ. இந்தி மூன்றாம் மொழியாகப் பெரும்பாலும் மேல்வகுப்புகளிலேதான் எட்டிப் பார்க்கும். ஆனால் கூரைமேல் ஓர் ஆண்டெனா இருந்தாற் போதும், தூர்தர்ஷன் வந்துவிடும். அதனுடன் இந்தி பேசும் சக்திமானும் வந்துவிடுவான்.

அக்குழந்தைக்குத் தொடரில் எது விளங்கும், எது விளங்காது? பறப்பது விளங்கும், சுழல்வது விளங்கும், மாடியிலிருந்து விழும் சிறுவனைச் சக்திமான் ஏந்திக்கொள்வது மிக நன்றாக விளங்கும். இவற்றுக்கு மொழி வேண்டுவதில்லை. கண் இருந்தாற் போதும். ஆனால் முடிவில் நின்று, 'இவ்வாறு செய்து பார்க்காதே' என்று சக்திமான் கூறும் உரையோ முழுதும் சொல்லால் ஆனது. அதுவும் இந்தியால் ஆனது. ஆபத்து படமாக வந்தது. அறிவுரை பேச்சாக வந்தது. படம் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது. பேச்சு அம்மொழி அறிந்தோர் வீட்டுக்குள் மட்டுமே நுழைந்தது. வேற்று மொழிச் சூழலில் வாழும் குடும்பங்கள் கருத்தில் இருத்த வேண்டிய உண்மை இதுவே. எச்சரிக்கை ஒளிபரப்பாகிவிட்டது என்பதனால் அது நம் வீட்டுக் குழந்தையைச் சேர்ந்துவிட்டது என்று பொருளாகாது.

இதே மைசூரிலேதான் 1935ஆம் ஆண்டில் எம்.வி. கோபாலஸ்வாமி என்னும் பேராசிரியர் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை நிறுவினார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்துக்கு வழங்கி, பின்னர் இந்திய வானொலி முழுமைக்கும் உரியதாயிற்று. அவர் உளவியல் பேராசிரியர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆகாசவாணி என்றால் வானிலிருந்து வரும் குரல். நம் புராணங்கள் அதனை அசரீரி என்னும். அசரீரி எதனைச் செய்தது? செய்யத் தகாததைச் செய்யப் புகுந்தவனுக்கு எச்சரிக்கை தந்தது. சக்திமான் வானிற் பறக்கும் உருவமாக வந்தான். அவனுடன் வந்த குரலை நம் குழந்தையின் மொழியிற் சொல்லும் அசரீரி யார்? அருகிலிருந்த தாயோ தந்தையோ பாட்டியோதான். ஆறு வயதுக் குழந்தைக்கு அறிவுரை, அது கனவு காணும் மொழியிலே வந்தாலன்றி உறைப்பதில்லை.

இதனைச் செய்வது கடினமும் அன்று. முதலாவது, குழந்தையோடு உடனமர்ந்து பார்த்தல். இரண்டாவது, அவன் பறப்பது எவ்வாறு படமாக்கப்படுகிறது என்பதை விளக்குதல். நடிகரைக் கம்பிகளில் தொங்கவிட்டும், ஒரே நிறத் திரை ஒன்றின் முன் படுக்கவைத்தும் படம்பிடிப்பர். பின்னர் அந்நிறத்தை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் வானையும் மேகத்தையும் கட்டடங்களையும் பொருத்துவர். கம்பியை அழித்துவிடுவர். கீழே மெத்தை விரித்திருக்கும். பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்பர். இவற்றைக் கேட்ட குழந்தையின் மகிழ்ச்சி குன்றிவிடும் என்று அஞ்ச வேண்டா. தோற்பாவைக் கூத்தில் பாவையை ஆட்டுவோன் திரைக்குப் பின் இருக்கிறான் என அறிந்த பின்னரும் நாம் கூத்தைச் சுவைத்தோம் அன்றோ?

மூன்றாவது, கேள்வி கேட்டல். 'சக்திமான் செய்ததில் உனக்கு எது பிடித்தது? அதில் நம்மால் செய்யக் கூடியது எது?' என்று வினவினால் குழந்தை சிந்திக்கும். பறப்பது நம்மால் ஆகாது. விழுந்தவனைத் தூக்கிவிடுவது ஆகும். தீயை ஊதி அணைப்பது ஆகாது. தீ என்றால் பெரியவரை அழைப்பது ஆகும். மலையைப் பெயர்ப்பது ஆகாது. மெய் பேசுவது ஆகும். வீரனின் ஆற்றலையும் அவன் குணத்தையும் இவ்வாறு பிரித்துக் காட்டுவதே பெரியோரின் பணி. ஆற்றல் அவனோடு நிற்கட்டும். குணம் நம் வீட்டிற்கு வரட்டும்.

தொலைக்காட்சித் தொடரின் ஆயுள் பற்றியும் ஈண்டுச் சிறிது கூறவேண்டும். தன் காலத்து அதிமனிதத் தொடர்களுள் சக்திமான் நீண்ட வாழ்வு பெற்றது. 2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நின்றது. ஒளிபரப்புக்கெனச் செலுத்த வேண்டிய கட்டணம் உயர்ந்துகொண்டே சென்றதே காரணம் என முகேஷ் கன்னா பின்னாளில் பேட்டிகளிற் கூறியிருக்கிறார். அதே தூர்தர்ஷனில் 1998இல் தொடங்கிய 'கேப்டன் வியோம்' என்னும் தொடர் அவ்வளவு காலம் நீடிக்கவில்லை. கேதன் மேத்தா உருவாக்கி, மிலிந்த் சோமன் நடித்த அத்தொடர், எதிர்காலத்தில் விண்வெளியில் குற்றவாளிகளைத் துரத்தும் வீரனின் கதை. விரைவில் முடிந்த அத்தொடரை அந்நாளைய சிறுவர் இன்னும் மறந்திலர்.

குறுகிய வாழ்வு பெற்றும் நெடிது நிலைத்தவை பிற நாடுகளிலும் உண்டு. ஜப்பானிய நாட்டு 'அல்ட்ராமேன்' 1966 சூலை முதல் 1967 ஏப்ரல் வரை 39 பகுதிகளே வந்தது. பார்ப்போர் குறைந்ததனால் அது நிற்கவில்லை. வாரந்தோறும் அத்துணை வேலைப்பாடுள்ள படத்தை முடித்துக் கொடுக்க இயலாமையால் நின்றது. அதன் இறுதிக் கதையில் அல்ட்ராமேன் தோற்று வீழ்கிறான். அரக்கனை வெல்வோர் சாதாரண மனிதரே. வீரனை நம்பியிருந்த சிறுவர்க்கு, 'இனி உங்கள் உலகை நீங்களே காத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லாமற் சொல்லிய முடிவு அது. இதனினும் நல்லதோர் அறிவுரை வேறில்லை. படத்தாலேயே சொல்லப்பட்டமையால் எம்மொழிக் குழந்தைக்கும் அது விளங்கும்.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய 'தி ஃபிளாஷ்', மின்னல் வேகத்தில் ஓடும் வீரனின் கதை. ஒளிபரப்பு நேரம் அடிக்கடி மாறியது. எதிரே பெயர்பெற்ற நிகழ்ச்சிகள் நின்றன. வளைகுடாப் போர்ச் செய்திகள் இடையிட்டன. 22 பகுதிகளோடு 1991 மே மாதத்தில் முடிந்தது. ஆயினும் 2014இல் அதே கதையைப் புதிதாக எடுத்தபொழுது, பழைய தொடரின் வீரனாகிய ஜான் வெஸ்லி ஷிப்பை அழைத்துப் புதிய வீரனின் தந்தையாக நடிக்க வைத்தனர். சிறுவராய் இருந்து அவரைக் கண்டோர், தாம் பெற்றோராகி மீண்டும் அவரைக் கண்டனர்.

நம் நாட்டிலும் அவ்வாறே. 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றின் காரணமாக நாடெங்கும் வீடடங்கியிருந்தபொழுது, தூர்தர்ஷன் சக்திமானை மறுபடியும் ஒளிபரப்பிற்று. அன்று தலைசுற்றச் சுழன்ற சிறுவர் இன்று தாய் தந்தையராய் அமர்ந்து தம் பிள்ளைகளோடு பார்த்தனர். கம்பியும் திரையும் இப்பொழுது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தன, சிரித்தனர், எனினும் பார்த்தனர். பெட்டிக்கு வெளியே ஒரு தொடர் வாழும் வாழ்வு இதுவே. அது எத்தனை ஆண்டு ஒளிபரப்பாயிற்று என்பதைப் பொறுத்ததன்று. அதனை யாருடன் அமர்ந்து பார்த்தோம் என்பதைப் பொறுத்தது.

இன்று நிலைமை மேலும் மாறிவிட்டது. அதிமனித வீரர் கதைகள் தமிழிலேயே பேசுகின்றன. மொழித் தடை பெரிதும் நீங்கிற்று. ஆனால் வேறொரு தடை எழுந்துள்ளது. அன்று வீட்டுக்கு ஒரு பெட்டி, கூடத்தில் வைத்திருந்தனர், பாட்டியும் பேரனும் அதனை ஒருங்கே பார்த்தனர். இன்று குழந்தையின் உள்ளங்கையில் கைப்பேசி. அதனைத் தனியே ஒரு மூலையில் அமர்ந்து பார்க்கிறது. சக்திமான் காலத்தில் அருகிலிருந்தும் மொழி அறியாமையால் நாம் வாய்திறவாதிருந்தோம் என்றால், இக்காலத்தில் மொழி அறிந்தும் அருகில் இல்லாமையால் வாய்திறவாதிருக்கிறோம். குழந்தைக்கு இரண்டும் ஒன்றே.

மைசூரிலும் மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களில் தமிழை வளர்ப்பது எவ்வாறு என்று அடிக்கடி பேசுகிறோம். இலக்கண நூலைக் கையிற் கொடுத்து அமர்த்தினால் குழந்தை ஓடிவிடும். அது விரும்பிப் பார்க்கும் கதையைப் பற்றி அதனோடு தமிழிலே உரையாடினால் ஓடாது, ஓயாது பேசும். வீரன் ஏன் அங்ஙனம் செய்தான், அது சரியா, நீயாயின் என்ன செய்வாய் என்று வினவுங்கால், குழந்தைக்குக் காவலும் கிடைக்கிறது, தாய்மொழியும் கிடைக்கிறது. ஒரு வேலையில் இரு பயன்.

அதிமனித வீரர் வருவர், போவர். சிலர் எட்டாண்டு பறப்பர். சிலர் எட்டுத் திங்களில் மறைவர். அவர்களைக் குழந்தைகள் நம்புவதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டா. நம்பும் ஆற்றல் குழந்தைமையின் செல்வம். அந்நம்பிக்கை மாடிச் சுவரின்மேல் ஏறி நில்லாமல், மண்ணிற் காலூன்றி நடக்கும்படி கைப்பிடித்து வழிகாட்டுவது பெட்டிக்குள் இருக்கும் வீரனால் ஆவதன்று. அது வீட்டிலுள்ள பெரியோரின் கடமை. அவர்கள் தமிழால் ஆற்றத்தக்க கடமை.